உறையைப் பார்த்து எழுதிய தீர்ப்பு

இத்தாலியின் வடமேற்குக் கடற்கரையில், பிரான்ஸ் எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது போர்திகேரா. பக்கத்து ஊர் சான்ரெமோ. 1951 முதல் ஆண்டுதோறும் பாட்டுப் போட்டி விழா நடக்கும் அந்த ஊரைத்தான் இத்தாலிய மெல்லிசையின் தலைநகரம் என்று சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்து இளைஞர்கள் ஐவர் ‘முசேயோ ரோசன்பாக்’ என்ற பெயரில் குழு அமைத்து, 1973-இல் ‘ஜரதுஸ்த்ரா’ என்ற எல்.பி. ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதை வெளியிட்ட ரிக்கோர்டி, வெர்டி, புச்சீனி ஆகியோரின் ஓபராக்களைப் பதிப்பித்த பழம்பெரும் மிலான் நிறுவனத்தின் இசைத்தட்டுப் பிரிவு. ஆல்பம் விலைபோகவில்லை. குழுவும் விரைவிலேயே கலைந்தது. இன்றோ, இத்தாலிய புரோகிரசிவ் ராக்கைத் தேடிக் கேட்பவர்களிடம் நாலைந்து ஆல்பங்களின் பெயரைக் கேட்டால், அவற்றில் ஒன்றாக இதைச் சொல்லாதவர்கள் குறைவு. அன்றைய மௌனத்துக்கும் இன்றைய புகழுக்கும் இடையிலுள்ள தூரத்தை, ‘காலத்தை முந்திய படைப்பு’ என்ற வசதியான விளக்கத்தால் நிரப்பிவிடுகிறார்கள். அந்த விளக்கம் தவறு என்பதே என் வாதம். ‘ஜரதுஸ்த்ரா’ தன் காலத்தின் இசை, அந்த ஆண்டின் இசை. அன்றைய ரசிகர்கள் அதைக் கேட்டு நிராகரிக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் காதுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இத்தாலியக் காதுகள் இத்தகைய இசைக்குப் பழகியிருந்தன என்பதற்குச் சான்று ஏராளம். ஆங்கிலேயக் குழுவான வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் 1971-இல் ‘பான் ஹார்ட்ஸ்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டது. அதன் இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே படைப்பு, இருபத்து மூன்று நிமிடம். கலங்கரை விளக்கத்தில் தனித்துக் கிடக்கும் ஒருவனின் மனச்சிதைவைச் சொல்லும், சாக்சபோனும் ஆர்கனும் மோதிக்கொள்ளும், எளிதில் பிடிபடாத இசை. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அதற்கு இடமே கிடைக்கவில்லை. இத்தாலியில் 1972-இல் அது முதலிடத்துக்கு வந்தது. சொந்த நாட்டில் சிறு அரங்குகளில் வாசித்துக்கொண்டிருந்த அந்தக் குழு, இத்தாலியில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் திணறியது. உள்நாட்டிலும் அதே நிலைதான். பி.எஃப்.எம். குழுவின் முதல் ஆல்பம், பாங்கோ குழுவின் ‘டார்வின்!’ இரண்டும் 1972-இல் வந்தன. லே ஓர்மே குழுவின் ‘ஃபெலோனா எ சொரோனா’ 1973-இல் வந்தது. பரிணாமக் கொள்கையை ஆல்பம் முழுக்கப் பாடிய பாங்கோவை வரவேற்ற ரசிகர்களுக்கு, ஜெர்மானியத் தத்துவவாதி நீட்சேயின் ‘ஜரதுஸ்த்ரா’ நூலைப் பாடிய ஒரு குழு புரியாமல் போயிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

படைப்பை அருகில் போய்ப் பார்த்தாலும் இதே முடிவுதான் கிடைக்கும். முதல் பக்கம் முழுவதும் ‘ஜரதுஸ்த்ரா’ என்ற ஒரே நெடும்படைப்பு, சுமார் இருபது நிமிடம். கடைசி மனிதன், நேற்றைய அரசன், நன்மை தீமைக்கு அப்பால், அதிமனிதன், மணற்கடிகாரங்களின் கோயில் என்று பொருள்படும் ஐந்து பகுதிகள் அதில் உண்டு. இரண்டாம் பக்கத்தில் மூன்று தனிப் பாடல்கள். முதல் பக்கத்தைத் தாங்கி நிற்பது மெலோட்ரான் என்ற கருவி. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடாத் துண்டு இருக்கிறது. கட்டையை அழுத்தினால் நாடா நகர்ந்து, அதில் பதிந்திருக்கும் வயலின் கூட்டமோ பாடகர் கூட்டமோ ஒலிக்கும். விரலை எடுத்தால் நாடா பழைய இடத்துக்கு ஓடிவிடும். ஒரு நாடாவின் ஆயுள் சுமார் எட்டு நொடி. அதற்குள் வாசிப்பவர் அடுத்த ஸ்வரக் கூட்டுக்கு நகர்ந்தாக வேண்டும், இல்லையேல் ஒலி அறுந்துபோகும். எனவே மெலோட்ரான் இசைக்கு இயல்பாகவே ஒரு மூச்சு உண்டு: எழும், நிற்கும், அடங்கும், மீண்டும் எழும். அதை வாசித்த பித் கொர்ராதி இந்த மூச்சைப் படைப்பின் நடையாகவே மாற்றிக்கொள்கிறார். அதன்மேல் என்சோ மெரோன்யோவின் முரட்டு கிதார், ஜன்கார்லோ கோல்சியின் ஓயாத டிரம்ஸ், ‘லூப்போ’ என்று அழைக்கப்பட்ட ஸ்தெஃபானோ கலீஃபியின் கரகரத்த குரல். முதல் பகுதியில் அறிமுகமாகும் ஒரு மெட்டு, வேகமும் கனமும் மாறி மாறி, பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. காலம் திரும்பத் திரும்ப வரும் என்ற நீட்சேயின் கருத்தை வரிகளுக்கு முன்பே அந்த மெட்டு சொல்லிவிடுகிறது. இதில் உள்ள உத்திகளை அன்றைய இத்தாலிய ரசிகர் கிங் கிரிம்சனிலும் டீப் பர்ப்பிளிலும் ஏற்கெனவே கேட்டிருப்பார். புதுமையால் மிரளும்படி இதில் ஒன்றும் இல்லை.

மிரட்டியது உறை. கறுப்புப் பின்னணியில், பல படத் துண்டுகளை ஒட்டி அமைத்த ஒரு முகம். அந்தத் துண்டுகளில் ஒன்று முசோலினியின் மார்பளவுச் சிலை. கறுப்பு, பாசிசச் சட்டையின் நிறம். நீட்சே, நாஜிகள் தம்முடையவர் என்று உரிமை கொண்டாடிய தத்துவவாதி. ‘அதிமனிதன்’ என்ற சொல்லும் உள்ளே இருக்கிறது. இவை எல்லாம் ஓர் ஆல்பத்தில் கூடியது எந்தக் காலத்தில் என்பதையும் நினைக்க வேண்டும். 1969 டிசம்பர் 12 அன்று மிலானில் பியாஸ்ஸா ஃபொன்தானா வங்கியில் வெடித்த குண்டு பதினேழு உயிர்களைக் குடித்தது. 1970 டிசம்பரில் பாசிசப் பிரமுகர் ஒருவரின் தலைமையில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தது. 1972 தேர்தலில் நவபாசிசக் கட்சியான எம்.எஸ்.ஐ. கீழவைக்கு 8.7 விழுக்காடு வாக்கு வாங்கியது. 1973 ஏப்ரல் 12 அன்று மிலானில் நவபாசிச ஊர்வலத்திலிருந்து வீசப்பட்ட கையெறி குண்டால் ஒரு காவலர் இறந்தார். ராக் கேட்ட இளைஞர்களில் பெரும்பகுதி இடதுசாரிகள். அவர்கள் கூடிய விழாக்களை நடத்தியவர்களும், ‘ரே நூதோ’ போன்ற பத்திரிகைகளில் எழுதியவர்களும் அவ்வாறே. அந்தச் சூழலில் இந்த உறையைக் கையில் எடுத்த இளைஞர் அதைத் திரும்ப வைத்துவிட்டார் என்றால், அவரை நான் குறை சொல்லமாட்டேன். உறையை வடிவமைத்தவர்களும் அனுமதித்தவர்களும் பொறுப்பில்லாமல் நடந்துகொண்டார்கள் என்பதை ஒளிக்கவும் தேவையில்லை.

ஆனால் அதே ஆண்டு வந்த இன்னோர் ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், உறை மட்டுமே தீர்ப்பெழுதவில்லை என்பது தெரியும். ஆரெயா என்ற குழுவின் முதல் ஆல்பம் அது. அதன் பெயர் ‘ஆர்பைட் மாக்ட் ஃப்ரை’, அதாவது அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் வாயிலில் நாஜிகள் பொறித்துவைத்த வாசகம். உறைக்குள் அட்டையில் வெட்டிய ஒரு துப்பாக்கியும் இருந்தது. முசோலினி சிலைத் துண்டைவிட இது எத்தனையோ மடங்கு கடுமையான குறியீடு. ஆனாலும் ஆரெயாவை யாரும் நாஜி என்று சந்தேகிக்கவில்லை. அவர்கள் இடதுசாரி விழா மேடைகளில் பாடியவர்கள், பாலஸ்தீனத்தைப் பற்றிப் பாடியவர்கள், எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது ஊரறிந்தது. போர்திகேராக்காரர்களுக்கோ அப்படி ஓர் அடையாளமே இல்லை. மிலானுக்கும் ரோமுக்கும் எட்டாத கடலோரத்து இளைஞர்கள், அரசியல் மேடையில் முகம் தெரியாதவர்கள். ஒரே வகைக் குறியீடு, பேர் தெரிந்தவன் கையில் எதிர்ப்பாகவும், பேர் தெரியாதவன் கையில் ஆதரவாகவும் வாசிக்கப்பட்டது. அதாவது, அன்று எடைபோடப்பட்டது படமும் இல்லை, இசையும் இல்லை. படைத்தவர்களைப் பற்றிய முன்னறிமுகம்தான் தராசில் ஏறியது.

நீட்சே மீதான சந்தேகத்தையும் இங்கே சரிபார்த்துவிட வேண்டும். நாஜிகள் கையில் கிடைத்த நீட்சே, அவருடைய தங்கை எலிசபெத் தன் விருப்பப்படி தொகுத்துக் கொடுத்த நீட்சே. அந்தச் சேதத்தைக் களைந்து, கையெழுத்துப் பிரதிகளை வரிவரியாக ஒப்பிட்டு நம்பகமான பதிப்பைக் கொண்டுவந்தவர்கள் ஜெர்மானியர் அல்லர், ஜோர்ஜோ கொல்லி, மத்சீனோ மொந்தினாரி என்ற இரண்டு இத்தாலியர்கள். மொந்தினாரி கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தவர். அவர்களுடைய இத்தாலியப் பதிப்பு 1964 முதலே மிலானில் வெளிவரத் தொடங்கியிருந்தது. இன்னொன்று: ‘ஜரதுஸ்த்ரா’ நூலின் முதல் பகுதியை நீட்சே எழுதியது 1883-இன் தொடக்கத்தில், ஜெனோவாவுக்கு அருகே ராப்பல்லோவில். போர்திகேராவும் ராப்பல்லோவும் ஒரே லிகூரியா கடற்கரையின் ஊர்கள். தங்கள் கரையில் பிறந்த ஒரு நூலை அந்த வட்டாரத்து இளைஞர்கள் எடுத்துக்கொண்டதில் அதிசயம் இல்லை. தங்கள் அதிமனிதன் ஆதிக்கக்காரன் அல்லன், இயற்கையோடு இசைந்து வாழத் தேடுபவன் என்றுதான் குழுவினர் பின்னாளில் விளக்கினார்கள். இரண்டாம் பக்கத்துப் பாடல்களின் தலைப்புகளே மனிதரைப் பற்றி, இயற்கையைப் பற்றி, நிரந்தர மீள்வரவைப் பற்றி என்றுதான் இருக்கின்றன. நீட்சேயை மீட்டுக்கொண்டிருந்த நாட்டிலேயே, நீட்சேயைப் பாடியதற்காக ஒரு குழு சந்தேகத்துக்கு ஆளானது எனக்கு இன்றும் வருத்தம் தருவது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த ஆண்டுகளில் இத்தாலியில் ஒரே ஆல்பத்தோடு மறைந்த குழுக்கள் ஏராளம். செமிராமிஸ், அல்ஃபாதௌருஸ், பில்யெத்தோ பெர் லின்ஃபெர்னோ என்று வரிசை நீள்கிறது. அவர்கள் யாரும் முசோலினியை உறையில் வைக்கவில்லை, இருந்தும் மறைந்தார்கள். அப்படியிருக்க, முசேயோ ரோசன்பாக்கின் தோல்விக்கு மட்டும் அரசியல் காரணம் தேடுவது ஏன்? இந்தக் கேள்வி நியாயமானது. உறை மாறியிருந்தால் ஆல்பம் பெரும் வெற்றி பெற்றிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைப்பதற்குப் பதிலாக விரித்துக் காட்டுகிறது. அன்றைய இத்தாலியில் புதிய குழுவின் இசை காதுக்குப் போக மூன்றே வழிகள்: வானொலி, விழா மேடை, இசைத்தட்டுக் கடை. வானொலி முழுவதும் அரசு நிறுவனமான ராய் கையில் இருந்தது. தனியார் உள்ளூர் வானொலிகளுக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வழிவிட்டது 1976-இல்தான். ஆக, ராய் ஒலிபரப்பாத இசைக்கு நாட்டுக்குள் வேறு அலைவரிசை கிடையாது. விழா மேடை அரசியல் நம்பிக்கையைக் கேட்டது. கடைக்கு வந்தவர் உறையைப் பார்த்தார். மற்றக் குழுக்களுக்கு இந்த வழிகள் குறுகலாக இருந்தன. முசேயோ ரோசன்பாக்குக்கோ மூன்றும் ஒரே சமயத்தில் ஏறக்குறைய அடைபட்டன. மறைந்துபோன அத்தனை குழுக்களைப் பற்றியும், ‘மக்கள் விரும்பவில்லை’ என்று எழுதுமுன், மக்கள் கேட்டார்களா என்று கேட்டாக வேண்டும். திறமைக் குறைவால் அவர்கள் மறையவில்லை என்பதற்குக் கோல்சியே சாட்சி. இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த அவர், 1975-இல் மாத்தியா பாசார் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1978-இல் அந்தக் குழு சான்ரெமோ விழாவிலேயே முதல் பரிசு வாங்கியது.

அடைபட்ட வழி திறந்தது எதிர்பாராத திசையில். 1980-களில் ஜப்பானின் கிங் ரெக்கார்ட்ஸ் ஐரோப்பிய ராக் ஆல்பங்களை வரிசையாக மறுவெளியீடு செய்தபோது இத்தாலியக் குழுக்கள் பலவற்றுக்கு மறுவாழ்வு கிடைத்தது, ‘ஜரதுஸ்த்ரா’வுக்கும் கிடைத்தது. ஜப்பானிய ரசிகருக்கு அந்த உறையில் மிலான் தெருச்சண்டை தெரிந்திருக்க நியாயமில்லை. ஊசியை வைத்தார், கேட்டார். இங்கே இரண்டாவது மறுப்பு எழுகிறது: இந்தப் புகழ் இசைக்குக் கிடைத்ததா, அரிய பொருளுக்குக் கிடைத்ததா? சேகரிப்பாளர்களின் உலகில் கிடைக்காத இசைத்தட்டு தானாகவே மகத்தானதாகிவிடும். விலை ஏற ஏற, வாங்கியவருக்கு அதைப் புகழ்ந்தாக வேண்டிய கட்டாயமும் ஏறும். இதில் உண்மை இருக்கிறது. அக்காலத்து மறைந்த ஆல்பங்கள் சிலவற்றின் மீது இன்று கொட்டப்படும் புகழ் எனக்கு மிகையாகவே படுகிறது. ஆனால் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: அரிதான நிலை நீங்கிய பிறகும் மதிப்பு நின்றதா என்று பார்க்கலாம். குறுந்தகடாக எளிதில் கிடைக்கத் தொடங்கிய பின்னும் ‘ஜரதுஸ்த்ரா’வின் மதிப்பு சரியவில்லை. 2000-களில் ஜெனோவாவில் உருவான இளைய குழு ஒன்று, நெடும்படைப்பின் கடைசிப் பகுதியான ‘இல் தெம்பியோ தெல்லே கிளெஸ்ஸீத்ரே’ என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. கலீஃபியே வந்து அதில் பாடினார். அரிய இசைத்தட்டு என்பதற்காக யாரும் ஒரு குழுவுக்குப் பெயர் வைப்பதில்லை. வாசித்து வாசித்து மனத்தில் தங்கிய இசைக்குத்தான் அந்த இடம் கிடைக்கும்.

இன்றைய ரசிகர்கள் எல்லோரும் ஒரே குரலில் புகழ்கிறார்கள் என்பதும் இல்லை. கருத்து வேறுபாடுகள் இருப்பதே ஆல்பம் இப்போது உண்மையாகக் கேட்கப்படுகிறது என்பதன் அடையாளம். ஒலிப்பதிவு கலங்கலானது, மெலோட்ரானும் கிதாரும் சேரும் இடங்களில் தாழ்ந்த ஸ்வரங்கள் குழம்பிவிடுகின்றன என்கிறார்கள் சிலர். நான் அதை ஏற்கிறேன். கலீஃபியின் குரல் இத்தகைய தத்துவப் பாடலுக்கு முரட்டுத்தனமானது என்பது இன்னொரு குறை. இதை நான் ஏற்கவில்லை. ஆன்மிக உயரத்தை நாடும் வரிகளை மெருகேறிய குரலில் பாடியிருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும். ‘சோல்’ இசை வாடையடிக்கும் அந்தக் கரகரப்புதான் பாடுபவனைத் தரையில் நிற்கும் மனிதனாக வைத்திருக்கிறது. ஆங்கிலேயரைப் பார்த்து எழுதியது என்ற குற்றச்சாட்டு பாதி சரி. ஒலிக்கருவிகளின் சேர்க்கை ஆங்கிலேயருடையது. மெட்டின் நீளமும், உணர்ச்சியை மறைக்காமல் குரலெடுத்துப் பாடும் முறையும் ஓபரா வளர்ந்த மண்ணுக்கு உரியவை. முதல் பக்கத்தைவிட இரண்டாம் பக்கமே இறுக்கமானது என்று சொல்பவர்களும் உண்டு. இயற்கையைப் பற்றிய ‘தெல்லா நத்தூரா’ பாடலின் தாள மாற்றங்களைக் கேட்கும்போது அவர்கள் பக்கம் சாயத் தோன்றினாலும், நெடும்படைப்பின் முடிவில் பழைய மெட்டு முழுக் கனத்தோடு திரும்பும் இடத்துக்கு ஈடானது அந்தப் பக்கத்தில் இல்லை என்பது என் கணிப்பு. 2012-இல், கலீஃபியும் கோல்சியும் பாஸ் கிதார் வாசித்த அல்பேர்தோ மொரேனோவும் மீண்டும் சேர்ந்து ஆல்பம் முழுவதையும் ஸ்டூடியோவில் புதிதாக வாசித்துப் பதிவுசெய்தார்கள். அதில் ஒலி தெளிவாக இருக்கிறது. இளமையின் வேகம் சற்றுக் குறைந்திருக்கிறது, கலீஃபியின் குரல் இன்னும் கனத்திருக்கிறது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர்கள் எது சிறந்தது என்று விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். 1973-இல் நடந்திருக்க வேண்டிய விவாதம் அது.