பதினொரு வயதில் ஒரு பரீட்சை

என் பாட்டனார் ஆறாவது பாரம் தேறியவர். அதைச் சொல்லும்போது சற்று நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். பழைய சென்னை ராஜதானியில் ஆறாவது பாரம் என்றால் ஹைஸ்கூலின் கடைசி வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் வகுப்பு. ஆகையால், இங்கிலீஷ் நாவல்களில் ‘ஆறாவது பாரத்து மாணவன்’ என்று வரும்போதெல்லாம், அரும்பு மீசைக்காரப் பையன் ஒருவனையே நான் கற்பனை செய்துகொண்டேன். அவன் சின்னப் பையன்களை அதட்டுவதும், அடுத்த வருஷம் ஆக்ஸ்போர்டுக்குப் போவதைப் பற்றிப் பேசுவதும் எனக்கு விளங்கவே இல்லை.

விஷயம் இதுதான். அங்கே பதினொரு வயதில் முதல் பாரம். பதினாறில் ஐந்தாவது முடியும். ஆறாவது பாரம் மட்டும் கீழ், மேல் என்று இரண்டு வருஷம் நீளும். என் பாட்டனார் படிப்பை முடித்த வயதில்தான் அவர்களுடைய ஆறாவது பாரம் ஆரம்பமாகிறது!

‘பப்ளிக் ஸ்கூல்’ என்ற பெயரும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். அது சர்க்கார் பள்ளிக்கூடம் அல்ல. பெருஞ் சம்பளம் வாங்கும் தனியார் பள்ளி. 1440-ல் ஆறாம் ஹென்றி மன்னர் ஈட்டன் பள்ளியை நிறுவியபோது, எழுபது ஏழை மாணவர்களுக்கு இலவசப் படிப்பு என்று ஏற்பாடு. எந்த ஊர்ப் பிள்ளையும் வரலாம் என்பதால் ‘பப்ளிக்’. பெயர் நின்றுவிட்டது, ஏழைகள்தாம் சிறுபான்மை ஆகிவிட்டார்கள்.

இவையெல்லாம் வேடிக்கை. ஆனால் ஒரு சொல்லை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடிவதில்லை. அது ‘லெவன் ப்ளஸ்’.

1944-ல் பட்லர் கொண்டுவந்த கல்விச் சட்டம் நல்ல சட்டம்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சர்க்கார் உயர்நிலைப் பள்ளிகளில் சம்பளத்தை ஒழித்தது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி? பதினொரு வயதில் கணக்கு, இங்கிலீஷ், புத்திக் கூர்மை என்று ஒரு சோதனை. தேறியவர்களுக்குக் கிராமர் ஸ்கூல். பெரும்பாலான மற்றவர்களுக்கு ‘செகண்டரி மாடர்ன்’. இரண்டும் சமம் என்றார்கள் அதிகாரிகள். தேறினால் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன தகப்பனாருக்கு, சமம் இல்லை என்பது தெரிந்தே இருந்தது.

1951-ல் பதினாறு வயதுக்கு ‘ஓ லெவல்’, பதினெட்டுக்கு ‘ஏ லெவல்’ என்ற பரீட்சைகள் வந்தன. மாடர்ன் பள்ளிப் பிள்ளைகளோ பெரும்பாலும் பதினைந்திலேயே, எந்தப் பரீட்சையும் எழுதாமல் வேலைக்குப் போனார்கள். சர்வகலாசாலையின் கதவு பதினெட்டில் அல்ல, பதினொன்றிலேயே சாத்தப்பட்டது.

பெண் குழந்தைகளின் கதை இன்னும் மோசம். பர்மிங்ஹாம் நகரில் கிராமர் பள்ளி இடங்கள் பையன்களுக்கு 540, பெண்களுக்கு 360. பையனைவிட அதிக மதிப்பெண் வாங்கிய பெண்ணும் வெளியே நிற்கலாம். அது பாரபட்சமே என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது 1989-ல்!

1965-ல் கிராஸ்லாண்ட் என்ற கல்வி மந்திரி, எல்லோருக்கும் ஒரே பள்ளி அமையுங்கள் என்று ஜில்லாக்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். 1988-ல் ‘ஜி.சி.எஸ்.இ.’ பரீட்சை ஓ லெவலின் இடத்துக்கு வந்தது. பிறகு பாரங்கள் போய், ஒன்று முதல் பதின்மூன்று வரை ‘ஆண்டு’ என்று எண்ணத் தொடங்கினார்கள். ஆனாலும் பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஆண்டுகளுக்கு ‘ஆறாவது பாரம்’ என்றே இன்னும் பெயர். கென்ட், பக்கிங்ஹாம்ஷயர் போன்ற இடங்களில் அந்தப் பதினொரு வயதுப் பரீட்சையும் இன்னும் நடக்கிறது.

ஆகவே நேயர்களே, இங்கிலீஷ் நாவலில் ஒரு பள்ளிக்கூடம் வந்தால், வகுப்பின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். பிள்ளைக்கு என்ன வயது என்று பாருங்கள். பதினொன்று என்றால், அந்தப் பக்கத்தைச் சற்று நிதானமாகப் படியுங்கள். அவன் தன் வாழ்க்கையின் பாதியை அன்று காலையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.