நாஞ்சில் நாட்டுக் குடும்பச் சிக்கனம்

நாஞ்சில் நாட்டுக் குடும்பச் சிக்கனம் என்பது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய நாஞ்சில் நாட்டுப் பகுதியில், குடும்பங்கள் தம் வருவாய்க்குள் செலவை அடக்கி வாழக் கைக்கொண்ட வழக்கங்களையும் ஏற்பாடுகளையும் குறிக்கும். சிக்கனம் என்பது தேவையான செலவைத் தவிர்ப்பது அன்று. தேவையற்ற செலவைத் தவிர்த்து, வருவாய் மிகும் காலத்தில் எஞ்சியதை வருவாய் குறையும் காலத்துக்கு எடுத்துச் செல்வதாகும். தேவையான செலவையும் தவிர்ப்பது கருமித்தனம் எனப்படும். இயலாமையால் அச்செலவு குறைவது வறுமையாகும்.

பின்னணி

நாஞ்சில் நாட்டின் கிழக்கு நுழைவாயில் ஆரல்வாய்மொழி ஆகும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள கணவாயில், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் இவ்வூர் அமைந்துள்ளது. முற்காலத்தில் திருவிதாங்கூர் அரசின் எல்லைக் கோட்டை இங்கு இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று இப்பகுதி தமிழகத்துடன் இணைந்தது. கணவாய் வழியே வீசும் காற்றைப் பயன்படுத்தி, அருகிலுள்ள முப்பந்தல் வட்டாரத்தில் பெருந்தொகையான காற்றாலைகள் நிறுவப்பட்டுள்ளன.

வேளாண்மை, செங்கல் சூளை வேலை, தோவாளைப் பூச்சந்தையைச் சார்ந்த பூச்செய்கை, பூக்கட்டுதல் ஆகியன இவ்வட்டாரத்தின் தொழில்களுள் சில. இவை அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவற்றில் வருவாய் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. மழைக்காலத்தில் பச்சைச் செங்கல் காயாது. சூளை வேலை குறையும். பூவின் விலை ஓணம் போன்ற விழாக்காலத்தில் ஏறிப் பின் சரியும். நெல் ஆண்டுக்கு இருமுறை மட்டுமே வீட்டுக்கு வரும். ஆகவே இங்குள்ள குடும்பங்களுக்கு ஆண்டு வருவாய் எவ்வளவு என்பதோடு, அது எந்த மாதத்தில் வருகிறது என்பதும் சிக்கலாக இருந்தது. இப்பகுதியின் மரபுச் சிக்கன முறைகள் பல இச்சிக்கலுக்கான விடைகளாகும்.

மரபு வழக்கங்கள்

அறுவடைக்காலச் சேமிப்பு

நாஞ்சில் நாட்டின் இரு நெற்பருவங்கள் கன்னிப்பூ, கும்பப்பூ எனப்படும். கொல்லம் ஆண்டின் கன்னி (புரட்டாசி), கும்பம் (மாசி) மாதங்களை ஒட்டி அறுவடை நிகழ்வதால் இப்பெயர்கள் ஏற்பட்டன. கன்னிப்பூ அறுவடைக்கு முந்திய ஆடி மாதம், கையிருப்பு குறைந்து மழையும் பெய்யும் பஞ்ச மாதமாகக் கருதப்பட்டது.

அறுவடையின்போது நெல் விலை குறைவாகவும், அடுத்த அறுவடைக்கு முன் உயர்வாகவும் இருப்பது இயல்பு. ஆதலால் வசதியுள்ள வீடுகளில் நெல்லைப் பத்தாயம் என்னும் மரப்பெட்டகத்திலும், ஏனைய வீடுகளில் மண்ணால் செய்த குலுக்கையிலும் இட்டு வைத்தனர். புளி, காணம் (கொள்ளு), கருப்பட்டி, கருவாடு ஆகியனவும் மலிவாகக் கிடைக்கும் காலத்திலேயே வாங்கி வைக்கப்பட்டன. இம்முறையின் குறை யாதெனில், மொத்தமாக வாங்க முன்கூட்டியே பணம் வேண்டும். அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் அன்றன்று சிறிதளவே வாங்கியதால், அதே அரிசிக்குப் பெரும்பாலும் கூடுதல் விலை கொடுத்தது. செல்வரைவிட ஏழையே சிக்கனமாக இருக்க மிகவும் இடர்ப்பட வேண்டியிருந்தது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

பழங்கஞ்சி

இரவில் எஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்து மறுநாள் காலையில் உண்பது பழங்கஞ்சி அல்லது பழைய சோறு எனப்படும். இதனால் சோறு வீணாவதில்லை. காலையில் அடுப்பு எரிக்க விறகும் தேவையில்லை. இரவு முழுவதும் நிகழும் நொதித்தலால் சோறு சற்றுப் புளிக்கும். காணத்துவையல், சுட்ட கருவாடு, பயறு ஆகியவற்றுள் ஒன்று உடன் சேரும்போது, சோற்றில் குறைவாக உள்ள புரதம் ஓரளவு ஈடு செய்யப்படுகிறது.

மரச்சீனி

மரவள்ளிக்கிழங்கு கன்னியாகுமரி மாவட்டத்தில் மரச்சீனி எனப்படுகிறது. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள், பஞ்சத்துக்கு மாற்றாக இப்பயிரைப் பரப்ப ஊக்கமளித்தார். இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டு பர்மா சப்பானியர் வசமானதும், திருவிதாங்கூர் பெரிதும் நம்பியிருந்த பர்மா அரிசி வருவது நின்றது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. பல குடும்பங்கள் மரச்சீனியைக் கொண்டே பசியாறின.

மரச்சீனி மலிவானது, ஆனால் பெரும்பகுதி மாவுப்பொருளே கொண்டது. அதை மீனுடன் சேர்த்து உண்ணும் இப்பகுதி வழக்கம் சத்துக் குறைவை ஈடு செய்கிறது. இக்கிழங்கில் சயனைடை வெளியிடும் சேர்மங்கள் இருப்பதால், தோலை நீக்கி நன்றாக வேகவைத்து, வெந்த நீரை வடித்துவிட வேண்டும்.

பிடியரிசி

உலையில் இட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவது பிடியரிசி எனப்படும். ஒரு பிடி குறைவதால் அன்றைய உணவில் பெரும் வேறுபாடு தெரிவதில்லை. மாத முடிவில் பல வேளைக்கான அரிசி சேர்ந்துவிடுகிறது. இவ்வாறு சேர்ந்த அரிசி பொதுப்பணிகளுக்கும் அளிக்கப்பட்டது. 1914இல் தொடங்கப்பட்ட நாயர் சேவைச் சங்கம் மன்னத்து பத்மநாபன் காலத்தில் பிடியரிசி திரட்டி நிதி சேர்த்தது. வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் திருச்சபைப் பெண்கள் 1910 முதல் இதே முறையைப் பின்பற்றி வருகின்றனர்.

செலவு செய்தபின் எஞ்சுவதைச் சேமிக்காமல், செலவுக்கு முன்னரே ஒரு பங்கை ஒதுக்குவது பிடியரிசியின் அடிப்படையாகும்.

சேமிப்பும் உரிமையும்

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே முன்பு மருமக்கள்வழி உரிமைமுறை இருந்தது. குடும்பச் சொத்து காரணவர் எனப்படும் மூத்த ஆணின் நிர்வாகத்தில் இருந்து, அவருக்குப்பின் அவருடைய சகோதரியின் மக்களைச் சேர்ந்தது. மனைவி மக்களுக்கு உகந்துடைமை என்னும் குறைந்த பங்கே கிடைக்கக்கூடும். ஒரு பெண் கணவன் வீட்டில் எவ்வளவு செட்டாகக் குடும்பம் நடத்தினாலும், அதன் பயன் அவளுடைய மக்களைச் சேரும் என்பதற்கு உறுதியில்லை. சொத்து வழக்குகளிலும் பெருஞ்செலவு ஏற்பட்டது.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) எழுதிய நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம், காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் துயரைக் கூறுவதாக அமைந்து இம்முறையை எள்ளி நகையாடுகிறது. 1926ஆம் ஆண்டு திருவிதாங்கூர் அரசின் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் இம்முறையை மாற்ற வழிசெய்தது. சேமிப்பவருக்குச் சேமிப்பின்மீது உரிமை இல்லையெனில் சிக்கனம் நிலைபெறாது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

இக்காலக் குடும்பச் செலவு

எங்கெல் விதி

செருமானியப் புள்ளியியலாளர் எர்ன்சுட் எங்கெல், குடும்பச் செலவுக் கணக்குகளை ஆராய்ந்து 1857இல் ஒரு விதியை வெளியிட்டார். வருவாய் உயர உயர, மொத்தச் செலவில் உணவின் பங்கு குறையும் என்பது அதன் சாரம். இதன் மறுபக்கம், வருவாய் குறைந்த குடும்பத்தில் உணவே செலவின் பெரும்பங்காக இருக்கும் என்பதாகும். அக்குடும்பத்தில் செலவைக் குறைக்க முற்பட்டால் முதலில் கைவைக்கப்படுவதும் உணவே. ஆகவே வேறு எங்கு குறைக்கலாம் என அறிவது இன்றியமையாதது.

கணக்கு எழுதுதல்

செலவு எங்கே போகிறது என்பதை அறிய நாள்தோறும் கணக்கு எழுதுதல் எளிய வழியாகும். சப்பானில் ஹனி மோட்டோகோ என்னும் பெண் இதழாளர் 1904இல் இல்லத்தரசிகளுக்கான கணக்கேட்டை வெளியிட்டார். கக்கெய்போ எனப்படும் அவ்வேடு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அன்றாடச் செலவோடு பள்ளிக் கட்டணம், பண்டிகை, மொய், மருத்துவம் போன்ற அவ்வப்போது வரும் செலவுகளையும் எழுதி, அவற்றின் ஆண்டுத் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதந்தோறும் ஒதுக்கினால் அவை திடீர்ச் செலவாகத் தோன்றா.

கடன்

குடும்பச் சிக்கனத்தில் பெரிதும் கவனிக்கப்படாதது வட்டியாகும். ஊர்வழக்கில் மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 விழுக்காடு. பத்து வட்டி என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. கீழ்க்காணும் ஒப்பீடு இதன் விளைவைக் காட்டும்.

- நாள்தோறும் 10 ரூபாய் மிச்சப்படுத்தினால் ஓராண்டில் சேர்வது: 3,650 ரூபாய்
- திருமணச் செலவுக்காக மூன்று வட்டிக்கு வாங்கிய 1,00,000 ரூபாய்க்கு ஓராண்டு வட்டி: 36,000 ரூபாய்

அக்கடனின் வட்டியை மட்டும் ஈடு செய்ய நாள்தோறும் ஏறத்தாழ 99 ரூபாய் மிச்சப்படுத்த வேண்டும். முதல் அப்படியே இருக்கும். ஆகவே கூடிய வட்டிக் கடனை முதலில் அடைப்பதும், கடன் வாங்கி விழா நடத்துவதைத் தவிர்ப்பதும் சமையலறையில் செய்யும் எந்தச் சிக்கனத்தைவிடவும் பெரும்பயன் தருவன. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

மின்சாரமும் எரிபொருளும்

முப்பந்தல் காற்றாலைகளின் மின்சாரம் மின்தொகுப்புக்குச் செல்கிறது. காற்றாலைகளின் அருகில் வாழ்வதால் ஆரல்வாய்மொழி வீடுகளுக்குத் தனிச் சலுகை இல்லை. மாநிலம் முழுமைக்குமான கட்டணமே இங்கும் உண்டு. தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒருமுறை மின்கணக்கு எடுக்கப்படுகிறது. 60 நாட்களுக்கான பயன்பாடு பின்வருமாறு அமையும்.

- 60 வாட் குண்டு விளக்கு, நாளுக்கு 5 மணி நேரம்: 18 யூனிட்
- 9 வாட் எல்இடி விளக்கு, அதே நேரம்: 2.7 யூனிட்
- 75 வாட் மின்விசிறி, நாளுக்கு 10 மணி நேரம்: 45 யூனிட்
- 30 வாட் மின்விசிறி, அதே நேரம்: 18 யூனிட்

2016 முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டுக் கட்டணத் திருத்தத்தின்படி, பயன்பாடு 500 யூனிட்டைக் கடந்தால், 500க்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடிய விலை கணக்கிடப்படும். எனவே அவ்வெல்லையை ஒட்டியுள்ள வீடுகளில் சில யூனிட்டுகளைக் குறைப்பதும் குறிப்பிடத்தக்க பயன் தரும்.

சமையலில், நீர் கொதித்த பின்னர் தீயைக் கூட்டுவதால் திறந்த பாத்திரத்தில் நீரின் வெப்பநிலை உயர்வதில்லை. நீர் ஆவியாவது மட்டுமே விரைவாகும். கொதித்ததும் தீயைக் குறைத்தல், மூடி வேகவைத்தல், பயறு வகைகளை முன்னரே ஊறவைத்தல், பிரசர் குக்கரைப் பயன்படுத்தல் ஆகியன எரிவாயுவை மிச்சப்படுத்தும்.

கூட்டுச் சேமிப்பு

சீட்டு இப்பகுதியில் நெடுங்காலமாக உள்ள கூட்டுச் சேமிப்பு முறையாகும். பன்னிருவர் மாதம் 1,000 ரூபாய் வீதம் செலுத்தினால் மாதந்தோறும் 12,000 ரூபாய் சேரும். குலுக்கல் சீட்டில் அது குலுக்கலில் பெயர் வந்தவருக்குச் சேரும். ஏலச்சீட்டில் அவசரத் தேவையுள்ளவர் 2,000 ரூபாய் தள்ளி 10,000 ரூபாய்க்கு எடுத்தால், தள்ளிய தொகை நடத்துநரின் கழிவு போக ஏனையோருக்குப் பகிரப்படும். இத்தள்ளுபடி ஒருவகை வட்டியே ஆகும். 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யாத சீட்டுகளில் பணம் இழக்கும் இடர் மிகுதி.

மகளிர் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் தொடங்கின. உறுப்பினர்கள் சிறுதொகையைத் தவறாது செலுத்தி, அதிலிருந்து தமக்குள் கடன் பெறுகின்றனர். சேமிப்பு பெண்ணின் பெயரிலேயே இருப்பது இதன் சிறப்பாகும்.

அரசின் பங்கு

குடும்பத்தின் தனிமுயற்சியைவிட அரசுத் திட்டங்கள் சில செலவுகளைப் பெரிதும் குறைத்துள்ளன. நியாயவிலைக் கடைகளில் 2008 செப்டம்பர் முதல் கிலோ 1 ரூபாய்க்கும், 2011 சூன் முதல் விலையின்றியும் அரிசி வழங்கப்பட்டது. 1982இல் விரிவாக்கப்பட்ட பள்ளிச் சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் பிள்ளைகளின் உணவுச் செலவைக் குறைத்தன. 2021இல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. நாள்தோறும் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு இது மாதச் சேமிப்பாக அமைந்தது.

சிக்கனத்தின் எல்லை

செலவைக் குறைக்கும் குடும்பங்களில் அக்குறைப்பு எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. ஆடவரும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கமுள்ள வீடுகளில், அரிசி குறையும்போது முதலில் குறைவது பெண்ணின் உணவாகும். இந்தியப் பெண்களிடையே இரத்தசோகை பரவலாக இருப்பதற்கான காரணங்களுள் போதிய சத்துணவின்மையும் ஒன்று. பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்துவதும், மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவதும் அவ்வாறே பின்னர் பெருஞ்செலவாக முடியக்கூடும். இவை ஏட்டில் சிக்கனமாகத் தோன்றினும், உண்மையில் குடும்பத்தின் முதலை விற்று உண்பதற்கு ஒப்பானவை.

உணவு, மருத்துவம், கல்வி ஆகிய மூன்றையும் ஒதுக்கிய பின்னரே ஏனைய செலவுகளைக் குறைக்க முற்படுவது முறையாகும். அம்மூன்றையும் குறைத்தாலன்றி வரவு செலவு ஒத்துவராத குடும்பத்துக்குச் சிக்கனம் தீர்வாகாது. அதற்குக் கூடுதல் வருவாயோ, குறைந்த வட்டியில் கடனோ, அரசின் உதவியோ தேவைப்படும்.