எண்ணிப் பார்த்தவரின் கதை

எங்க ஆபீஸில் பக்கத்து சீட் நண்பன் கேட் பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கான். "எதுக்குடா எம்பிஏ?" என்று கேட்டால், "கோட் அடிச்சே காலத்தை ஓட்ட முடியாதுடா, மேல போகணும்"ங்கிறான். நியாயம்தான். சம்பளம் ஏறும், விசிட்டிங் கார்டு மாறும். ஆனா அந்த ரெண்டு வருஷப் படிப்பு, ஒருத்தன் உலகத்தைப் பார்க்கிற பார்வையை என்ன பண்ணும்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வர்ற ஆள் ராபர்ட் மெக்நமாரா. வியட்நாம் போர்க்கால அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர். அதுக்கும் முன்னாடி, அவர் ஒரு ஹார்வர்டு எம்பிஏ. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

1916-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஒரு செருப்பு மொத்த வியாபாரக் கம்பெனியில் விற்பனை மேனேஜர். பெர்க்லியில் பொருளாதாரம் முடித்துவிட்டு 1937-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் சேர்ந்தார். 1908-இல் ஆரம்பித்த அந்தப் பள்ளியின் தனி அடையாளம் கேஸ் ஸ்டடி முறை. ஒரு கம்பெனியின் பிரச்னையைச் சில பக்கங்களில் கொடுப்பார்கள். நீதான் மேனேஜர், என்ன செய்வே, சொல்லு. தகவல் போதாது, நேரமும் போதாது, ஆனாலும் முடிவெடுத்தாகணும். முடிவெடுக்கிற துணிச்சலை வளர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. கூடவே ஒரு பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்: தேவையான விஷயமெல்லாம் கையில் இருக்கும் அந்தப் பக்கங்களுக்குள்ளேயே இருக்கு என்கிற நம்பிக்கை.

மெக்நமாராவுக்குப் பிடித்தது கட்டுப்பாட்டுக் கணக்கு. கணக்குன்னா நடந்து முடிந்ததை எழுதி வைக்கிற நோட்டு இல்லை, நடக்கப் போவதை வளைக்கிற கருவி என்பதுதான் அதன் சாரம். 1939-இல் எம்பிஏ. ஒரு வருஷம் வெளியில் வேலை பார்த்துவிட்டு, 1940-இல் அதே பள்ளிக்கு உதவிப் பேராசிரியராகத் திரும்பினார்.

அப்புறம் போர் வந்தது. விமானப்படைக்குக் கணக்குப் பார்க்க ஆள் தேவைப்பட, ஹார்வர்டு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. மெக்நமாராவும் 1943-இல் கேப்டனாகச் சேர்ந்தார். அவரே பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. இங்கிலாந்திலிருந்து கிளம்பும் குண்டுவீச்சு விமானங்களில் சுமார் 20 சதவீதம் இலக்கை அடையாமலே திரும்பி வந்துகொண்டிருந்தன. படிவத்தில் எஞ்சின் கோளாறு, ரேடியோ கோளாறுன்னு ஆயிரம் காரணம். எண்களைப் போட்டுப் பார்த்தால் உண்மையான காரணம் பயம். ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கு 4 விமானம் விழுந்தால், யாருக்குத்தான் பயம் வராது? அறிக்கையைப் படித்த கர்டிஸ் லிமே, 'இனி முதல் விமானத்தில் நான் இருப்பேன், திரும்புகிறவனுக்கு ராணுவ விசாரணை' என்றாராம். திரும்புவது ஒரே ராத்திரியில் குறைந்தது. கண்டுபிடித்தது எண். மாற்றியது லிமேயின் உத்தரவும், அவர் முன்னால் போய் உட்கார்ந்ததும். இந்த ரெண்டாவது பாதியை மறந்துடாதீங்க, பின்னாடி வேணும்.

நம்ம ஊர்த் தொடர்பும் ஒண்ணு இருக்கு. லிமேயின் பி-29 படைக்கு மெக்நமாராதான் புள்ளிவிவரப் பிரிவை அமைத்தார். அந்தப் படையின் தளம் கரக்பூர். தலைமையகமாக இருந்தது ஹிஜ்லி தடுப்புக்காவல் முகாம் கட்டடம். 1951-இல் முதல் ஐஐடி தொடங்கியதும் அதே கட்டடத்தில்தான்!

போர் முடிந்ததும் பேராசிரியர் வேலைக்கே திரும்பத்தான் நினைத்தார். ஆனால் 1945-இல் அவருக்கும் மனைவிக்கும் போலியோ. ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரித்தது. அந்த நேரத்தில் புள்ளிவிவரப் பிரிவின் தலைவர் டெக்ஸ் தார்ன்டன், பத்து அதிகாரிகளை ஒரே செட்டாக ஃபோர்டு கம்பெனியில் சேர்த்துவிட்டார். 1946-இல் ஃபோர்டு மாதாமாதம் பல மில்லியன் டாலர் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் காருக்கு எவ்வளவு செலவு என்றுகூட ஒழுங்காகத் தெரியாத நிலைமை. இந்தப் பத்துப் பேரும் எல்லாரையும் கேள்வி கேட்டுத் துளைத்து, செலவுக்குக் கணக்கு, கணக்குக்குப் பொறுப்பாளர் என்று வரிசைப்படுத்தினார்கள். கம்பெனி நிமிர்ந்தது. மெக்நமாரா காரில் சீட் பெல்ட்டுக்காக வாதாடினார். அவர் பிடிவாதமாகக் கொண்டுவந்த சிக்கனமான ஃபால்கன் கார் முதல் வருஷமே 4 லட்சத்துக்கு மேல் விற்றது. 1960 நவம்பரில் கம்பெனியின் பிரசிடென்ட். ஐந்தே வாரத்தில் கென்னடியிடமிருந்து அழைப்பு.

அதாவது அதுவரை படித்த படிப்பு ஒருமுறைகூட அவரைக் கைவிட்டதே இல்லை. பிரச்னையே அதுதான்.

1961 ஜனவரியில் பதவி ஏற்றார். ராணுவத்தின் தாறுமாறான செலவுகளை ஒழுங்குபடுத்தியதில் அவர் முறை நன்றாகவே வேலை செய்தது. அதே முறை வியட்நாமுக்கும் போனது. 1962-லேயே, அளக்கக்கூடிய எல்லாமே நாம் ஜெயிப்பதாகக் காட்டுகிறது என்றார். எதிரி புது ஆள் சேர்ப்பதைவிட வேகமாகக் கொன்றால் ஒரு கட்டத்தில் தானாக நின்றுவிடுவான் என்பது களத்தில் இருந்த தளபதிகளின் திட்டம். அப்போ வெற்றியை எப்படி அளப்பது? பிணத்தை எண்ணித்தான்.

எதை அளக்கிறோமோ அதுதான் ஊதும். டைம்ஷீட் நிரப்புற நமக்குத் தெரியாததா? :-) ஆனால் அங்கே ஊதியது உயிர்க் கணக்கு. எண்ணிக்கை ஏறினால் பதவி உயர்வு என்றால், செத்த கிராமத்து விவசாயியும் எதிரிப் பட்டியலில் ஏறுவான். போருக்குப் பிறகு டக்ளஸ் கின்னார்ட் என்ற ஓய்வுபெற்ற ஜெனரல், வியட்நாமில் இருந்த ஜெனரல்களிடமே கேட்டு 1977-இல் புத்தகம் போட்டார். இந்தக் கணக்கு பெரும்பாலும் ஊதப்பட்டது என்றுதான் அவர்களில் மிகப் பலர் சொன்னார்கள்.

கணக்கு சரியாகவே இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. இத்தனை பேர் செத்தும் ஏன் மேலும் மேலும் வருகிறார்கள் என்பதற்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. இங்கிலாந்தில் விமானிகளின் பயத்தை எண்கள் காட்டிக்கொடுத்தன, சரி. அவர்கள் சொந்த ஆட்கள், அந்தப் பயம் இவர்களுக்குப் புரியும். எதிராளியின் பிடிவாதம் எங்கிருந்து வருது என்று தெரிய, அவன் ஊர்க் கதை தெரியணும்.

பழி முழுக்க ஒரு படிப்பின் மேல் போட நான் வரலை. கென்னடி, ஜான்சன், பனிப்போர் பயம், எல்லாம் சேர்ந்த கதை அது. மெக்நமாராவும் கல்நெஞ்சர் இல்லை. உள்ளுக்குள் நம்பிக்கை இழந்து, 1967-இல் இந்தப் போருக்குள் எப்படி வந்தோம் என்று ஆவணங்களைத் தொகுக்கச் சொன்னதே அவர்தான். பின்னாளில் பென்டகன் பேப்பர்ஸ் என்று வெளிவந்தது அதுதான். 1968-இல் உலக வங்கிக்குப் போய், 1981 வரை ஏழை நாடுகளுக்கான கடனைப் பல மடங்காக்கினார். வெளியே வாய் திறந்து தப்பை ஒத்துக்கொள்ள மட்டும் 1995 ஆயிற்று. அதற்குள் 58,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களும், வியட்நாம் அரசு சொன்ன கணக்குப்படி 30 லட்சம் வியட்நாமியர்களும் போயிருந்தார்கள்.

அதே 1995-இல் ஹனோய் போனார். முன்னாள் வெளியுறவு அமைச்சர் நுயென் கோ தாக்குடன் பேச்சு கிட்டத்தட்ட கைகலப்பு அளவுக்குப் போனதாம். நீங்கள் சரித்திரப் புத்தகமே படித்ததில்லை போலிருக்கிறது, நாங்கள் சீனாவை ஆயிரம் வருஷம் எதிர்த்தவர்கள், சீனாவுக்கு எப்படி அடியாள் ஆவோம் என்று கேட்டாராம் அவர். 2003-இல் வந்த 'ஃபாக் ஆஃப் வார்' ஆவணப்படத்தில் மெக்நமாராவே இதைச் சொல்கிறார். எனக்கு அந்தப் படத்தில் மறக்க முடியாத இடம் இதுதான். அந்தக் கேஸுக்கு வேண்டிய தகவல் ஏதாவதொரு நல்ல லைப்ரரியில் கிடைத்திருக்கும்.

மெக்நமாரா பதவிக்கு வந்த அதே 1961-இல்தான், ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் ஒத்துழைப்போடு அகமதாபாத் ஐஐஎம் பிறந்தது. கேஸ் ஸ்டடி முறையும் கூடவே வந்தது. நல்ல கருவிதான், சந்தேகமில்லை. தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவதும்தான், யோசிப்பதும்தான். முதலாவதைப் படிப்பு பிரமாதமாகச் சொல்லிக்கொடுத்துவிடும். ரெண்டும் ஒண்ணுதான்னு நாம நம்பாமல் இருக்கணும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் டீ குடிக்கும்போது நண்பனிடம் சொல்லி, "அப்படியே கொஞ்சம் சரித்திரமும் படிடா" என்றேன்.

"சிலபஸ்ல இருக்கா?" என்றான்.