கல்லெழுத்தும் கணினியும்

தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடவெல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தைக் குறிப்பதை நாம் யாவரும் அறிவோம். ஆயின், அம்மலைக் கோயிலின் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழிலேயே உள்ளன என்பதை அறிந்தோர் நம்முள் சிலரே. நாள்தோறும் பல்லாயிரவர் அவற்றின் அருகே கடந்து செல்கின்றனர். நின்று படிப்பவர் அரியர்.

அவற்றுள் ஒன்று, காடவன் பெருந்தேவி எனவும் பெயர் கொண்ட சாமவை என்னும் பல்லவ குலத்து அரசியைப் பற்றியது. இறைவனின் வெள்ளித் திருமேனி ஒன்றைச் செய்வித்து, அணிகலன்களும் அளித்து, வழிபாடும் விழாவும் தடையின்றி நடைபெற நிலமும் விட்டாள் அவ்வரசி. போக சீனிவாசர் என இன்றும் வழிபடப்பெறுவது அத்திருமேனியே. இக்கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டினது என அறிஞர் பலரும் கருதுவர். அரசர்களின் போர்ச் செய்திகளை நூல்கள் கூறும். ஒரு பெண்ணின் பக்தியையும் கொடையையும் நமக்குக் கூற இக்கல் ஒன்றே எஞ்சியது.

இக்கல்வெட்டுகளை அழிவினின்று காக்க முற்பட்டோர் முதலில் கையாண்டது மைப்படி முறையாகும். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளங்களில் பதியச் செய்து, மேலே மையை ஒற்றுவர். எழுத்து வெண்மையாகவும் சுற்றிடம் கருமையாகவும் தாளில் விழும். இங்ஙனம் படியெடுக்கப்பட்ட ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைப் பற்றி சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் எழுதிய அறிக்கை 1930இல் வெளிவந்தது. மூலங்கள் 1931 முதல் ஆறு தொகுதிகளாகத் தேவஸ்தானத்தால் அச்சிடப்பெற்றன. தாளப்பாக்கம் அன்னமாசாரியார் (1408–1503) முதலானோரின் கீர்த்தனைகளைத் தாங்கிய இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட செப்பேடுகளும், திருமலையின் சங்கீர்த்தன பண்டாரத்திலிருந்து வெளிப்பட்டு அறிஞர் உழைப்பால் நூல் வடிவம் பெற்றன.

இத்துணை முயற்சி எதற்கு, கல் அழியாதன்றோ என ஒருவர் வினவலாம். அதற்கு விடை அருகிலுள்ள திருக்காளத்தியில் உள்ளது. கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய இராசகோபுரம், ஐந்நூறு ஆண்டுகளை எட்டும் முன்னர், 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. அவ்விடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017இல் குடமுழுக்கும் நிகழ்ந்தது. பக்தருக்கு அது மகிழ்ச்சியே; எனினும் பழைய சிற்பியின் உளி தொட்ட கோபுரம் போயிற்று. நின்ற கோபுரத்தை அளக்கலாம். வீழ்ந்த கோபுரத்தை அளத்தல் இயலாது.

பாரிஸ் மாநகரின் நோத்ர தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15இல் தீக்கிரையாயிற்று. ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றறிஞர் பல ஆண்டுகளுக்கு முன்னரே அதனை லேசர் ஒளியால் அளந்து கணினியில் சேர்த்திருந்தார். அவ்வளவைகளும் பிறர் எடுத்தவையும் சீரமைப்பிற்குத் துணை நின்றன. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இன்று ஒரு சிற்பத்தைச் சுற்றிலும் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தால், அவற்றில் பொதுவாகக் காணும் புள்ளிகளை இணைத்துக் கணினி முழு உருவத்தையும் திரையில் அமைத்துக் காட்டுகிறது. தேய்ந்த கல்வெட்டின்மேல் பல திசைகளிலிருந்து ஒளியைச் சாய்த்துப் படமெடுத்தால், வெறுங் கண்ணுக்குப் புலப்படாத கீறலும் நிழலால் புலப்படும். மை தேவையில்லை; கல்லைத் தொடவும் தேவையில்லை. தேவஸ்தான வெளியீடுகள் பலவும் இன்று இணையத்தில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் 2017 முதல் அரிய நூல்களை எவர்க்கும் வழங்கி வருகிறது.

எனினும், பதிவேடுகளோடு பழகிய எழுத்தன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். தாள் இருப்பது வேறு. வேண்டியபோது கைக்குக் கிடைப்பது வேறு. ஊர், கோயில், சுவர், எடுத்த நாள் ஆகியவை குறிக்கப்படாத படம், எண்ணிடாத கோப்பைப் போல இருந்தும் இல்லாததே. ஒரே இடத்தில் வைத்த படியும் நம்பத்தக்கதன்று, கருவிகள் பழுதாகும், படிக்கும் முறைகளும் மாறும். ஆதலின் இரண்டு மூன்று இடங்களில் வைத்து, காலந்தோறும் புதிய கருவிக்கு மாற்றிவருதல் வேண்டும். ஓலைச்சுவடியை நம் முன்னோர் தலைமுறைதோறும் பெயர்த்தெழுதிக் காத்தனர் அல்லவா? அப்பணியே இன்று புதிய வடிவில் நம் முன் நிற்கிறது.

இவை யாவினும் பெரிய கவலை ஒன்றுண்டு. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் கற்கின்றனர். அவை அவர்களுக்கு வேண்டுவனவே. நமக்கு வாழ்வளித்த மண்ணின் மொழி நமக்கும் உரியதே. ஆயின் தமிழ் எழுத்தை அறியாத பிள்ளைக்கு, சாமவையின் கல்வெட்டு திரையில் எவ்வளவு தெளிவாகத் தோன்றினும் வெறும் கோலமே. கணினி எழுத்தைக் காக்கும். படிக்கும் கண்ணை நாம்தாம் காத்தல் வேண்டும்.

ஆகவே அன்பர்களே, ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிப்போம். அச்சான கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து மாதம் ஒன்றை எடுத்து அவர்களைக் கொண்டே படிக்கச் செய்வோம். சித்தூர், சந்திரகிரி, குடிமல்லம் பக்கத்துக் கோயில்களுக்குச் செல்வோர், அனுமதியுள்ள இடங்களில் படமெடுத்து, ஊரும் நாளும் குறித்துச் சங்கத்தில் சேர்ப்பாராக. அடுத்த ஆண்டு விழாவில் நம் பிள்ளைகளே அவற்றைக் காட்சியாக அமைத்து நமக்கு விளக்கட்டும். ஆயிரம் ஆண்டுகளாகக் காத்திருக்கும் கல்லுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே. வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!