கன்னியர் செய்த குற்றம் என்ன?

1980 மார்ச்சில், திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த பேராயர் ரொமேரோவைச் சுட்டுக் கொன்ற எல் சால்வடாரில், அதே ஆண்டு டிசம்பர் 2 இரவு விமான நிலையத்திலிருந்து ஒரு வெள்ளை வேன் கிளம்பியது. உள்ளே நான்கு அமெரிக்கப் பெண்கள். நிகரகுவாவிலிருந்து வந்திறங்கிய மேரிநோல் சபைக் கன்னியர் இட்டா ஃபோர்டு, மோரா கிளார்க். அவர்களை அழைத்துப்போக வந்த உர்சுலைன் சபையின் டோரதி காஸல், 27 வயது பொதுநிலை ஊழியர் ஜீன் டோனவன். உள்நாட்டுப் போரில் வீடிழந்த ஏழைகளுக்குச் சோறும் மருந்தும் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இவர்கள் வேலை.

சாதாரண உடையிலிருந்த தேசியக் காவற்படையினர் வேனை மறித்தார்கள். பாலியல் வன்கொடுமை செய்து, சுட்டுக் கொன்றார்கள்.

ஊரார் ஒரே குழியில் புதைத்திருந்த உடல்களை இரண்டு நாள் கழித்துக் கயிறு கட்டி மேலே இழுத்தபோது, அமெரிக்கத் தூதர் ராபர்ட் வைட் குழியருகே நின்றிருந்தார். உடல்கள்மேல் இலைக்கொப்புகளைப் போட்டு மூடி, சக கன்னியர் மண்டியிட்டு ஜெபித்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் வெட்கக்கேடு. ரீகன் அரசில் ஐ.நா. தூதராகப் பொறுப்பேற்கவிருந்த ஜீன் கிர்க்பாட்ரிக், இவர்கள் வெறும் கன்னியர் அல்லர், அரசியல் செயற்பாட்டாளர்கள் என்றார். வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க், வேன் சோதனைச்சாவடியில் நிற்காமல் போக முயன்றிருக்கலாம் என்று 1981 மார்ச்சில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். கம்யூனிசத்தைத் தடுக்கும் பெயரால் சால்வடார் ராணுவத்துக்கு அமெரிக்கா பணம் கொடுத்துக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற, செத்தவர்கள்மேலேயே பழி விழுந்தது. உண்மையைப் பேசிய வைட்டின் பதவி பறிபோனது.

இட்டாவின் அண்ணன், வழக்கறிஞர் பில் ஃபோர்டும் மற்றக் குடும்பங்களும் விடவில்லை. தீர்ப்பு வரும்வரை 1.9 கோடி டாலர் ராணுவ உதவியை அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்திவைத்தது. 1984 மே மாதம் ஐந்து காவற்படையினருக்குத் தலா 30 ஆண்டு சிறை. துப்பாக்கி பிடித்தவர்கள் சிக்கினார்கள், உத்தரவிட்டவர்கள்?

கொலை மேலிட உத்தரவின்படி நடந்தது, காவற்படைத் தலைவர் விதெஸ் கசனோவா அதை மறைக்கத் துணைபோனார் என்று 1993-இல் ஐ.நா. உண்மை ஆணையம் அறிவித்தது. அதற்குள் அவர் பாதுகாப்பு அமைச்சராகி, ஓய்வுபெற்று, ஃபுளோரிடாவில் குடியேறியிருந்தார். அங்கிருந்து அவரை நாடுகடத்த 2015 ஆயிற்று.

பசித்தவருக்குச் சோறு போடுவதை அரசியல் என்று ஓர் அரசு பயந்தால், குற்றம் அந்த அரசின்மேல்தான். கொலையாளிகளைத் தண்டிப்பது பாதி நீதி. கொலைக்கு நியாயம் தேடியவர்களின் பெயர்களையும் மறக்காமல் எழுதிவைப்பது மீதி.