ஏடும் நிரலும்

1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் உ.வே.சாமிநாதையரிடம் சீவகசிந்தாமணியைப் பற்றிக் கேட்டது நாம் அறிந்த கதைதான். 1887இல் அது அச்சு நூலாக முடிந்தது. இடையிலிருந்த ஏழாண்டு உழைப்பை இன்றைய மென்பொருளாளர் ஒருவரிடம் விவரித்தால், ‘மெர்ஜ்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார். அச்சொல்லில் உண்மை இருக்கிறது, குறையும் இருக்கிறது.

ஒரே நிரலை இருவர் தனித்தனிக் கிளைகளில் திருத்துகிறார்கள். ஒருவரிடம் உள்ள ஒரு வரி மற்றவரிடம் இல்லை. முன்னவர் சேர்த்தாரா, பின்னவர் நீக்கினாரா? இரண்டை மட்டும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது. இரண்டுக்கும் பொதுவான மூலத்தையும் அருகில் வைத்தாக வேண்டும். வால்டர் டிக்கி 1982இல் விவரித்த ஆர்.சி.எஸ்., அதன்மேல் டிக் கிரூன் 1986இல் எழுப்பிய சி.வி.எஸ். ஆகியவற்றின் இணைப்பு முறை இதுவே.

ஏட்டுப் பதிப்பாசிரியருக்கு அந்த மூலம்தான் இல்லை. பிழைபட்ட ஓர் ஏட்டிலிருந்து பத்துப் பிரதிகள் பிறந்திருந்தால் அவை பத்துச் சாட்சிகள் அல்ல, ஒரு சாட்சிதான். சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை கைகொடுத்தது. உரைகாரர் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதும்போது, தம் முன் இருந்த பாடம் எதுவென்பதையும் அறியாமலே சொல்லிவிடுகிறார்.

சி.வி.எஸ்.ஸுக்கு மறதி அதிகம். எந்தக் கிளையை எதுவரை சேர்த்தோம் என்பதை அது குறித்துக்கொள்ளாது. நாமே அடையாளம் இட்டுவைக்க வேண்டும். மறந்தால், சேர்த்தவற்றையே மறுபடி சேர்க்க முயன்று முரண்பாடுகளை அள்ளிக் கொட்டும். அந்நாளில் அதனுடன் மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும். 2005இல் வந்த கிட், இணைப்பின் இரு பெற்றோரையும் பதிந்துகொண்டது. சப்வெர்ஷனுக்கு 2008இல், 1.5ஆம் பதிப்பில்தான் இந்த நினைவு வாய்த்தது.

ஒரே வரியை இருவரும் மாற்றியிருந்தால் கருவி ஒதுங்கி நின்று, இரண்டையும் காட்டி முடிவை மனிதரிடம் விடும். என் அச்சம் அதைப் பற்றியதல்ல. ஒரு கிளையில் ஒரு செயற்கூற்றின் பெயர் மாறுகிறது; மறு கிளையில் பழைய பெயரிலேயே புதிய அழைப்பு ஒன்று சேர்கிறது. வரிகள் மோதவில்லை, இணைப்பு அமைதியாக முடிகிறது, நிரல் உடைகிறது. அருஞ்சொல்லை அழித்துவிட்டு எளிய சொல்லை இட்ட ஏடும் அப்படித்தான். படிக்கச் சரளமாக இருக்கும். அந்தச் சரளமே சந்தேகத்துக்குரியது. சாமிநாதையர் தாம் ஏற்காத பாடங்களையும் பிரதிபேதம் என்று பதிப்பில் காட்டியதன் மதிப்பு இங்கே புரிகிறது.

அவர் தொகுத்த சுவடிகள், 1943இல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய நூல்நிலையத்தில், பெசன்ட் நகரில் இருக்கின்றன. 2000இல் திறக்கப்பட்ட தரமணி டைடல் பூங்கா அங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

1894இல் அவர் வெளியிட்ட புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. எந்தக் கிளையிலும் அவை மிஞ்சவில்லை. எண்கள் மட்டும் அவற்றின் இடத்தில் நிற்கின்றன.