உப்பள ஊரில் கடல் தொட்டி

சென்னைக்கு வடக்கே அத்திப்பட்டில் ஒருவர், ஒழுகி அடைத்த பழைய நன்னீர் மீன்தொட்டியைச் சின்னதொரு பவளத்தொட்டியாக மாற்ற நினைத்தால், முதலில் காசு கொடுத்து வாங்க வேண்டியது உப்பு. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கமெல்லாம் உப்பளங்கள் பரந்து கிடந்த நிலம் இது. அப்படியிருந்தும் மூட்டையில் வரும் செயற்கைக் கடலுப்பை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துத்தான் தொட்டியை நிரப்ப வேண்டும். ஊர் எதையோ இழந்ததன் அடையாளமாக இது படலாம். இழந்தது உண்மைதான். ஆனால் பவளம் வீட்டுக்குள் வளர முடிந்ததே தொட்டி கடலைச் சாராமல் நிற்கக் கற்றதால்தான். அப்படி விலகி நிற்பது கடலுக்கும் நல்லது என்பேன்.

சென்னைக்குக் கடல் தொட்டி புதிதல்ல. அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனையில் பிறந்த மீன்காட்சியகம் 1909இல் மெரினாவில் திறக்கப்பட்டது. ஆனால் அதற்குப் பின்னால் அரசாங்கப் பணமும் எதிரிலேயே கடலும் இருந்தன. வீடுகளில் நிலைமை வேறு. இரும்புச் சட்டத்தில் கண்ணாடியை வைத்துப் பட்டி பூசிய அந்தக் காலத் தொட்டிக்கு உப்புநீர் எமன்: சட்டம் துருப்பிடிக்கும், துரு தண்ணீரில் இறங்கும். வீட்டு மீன்வளர்ப்பு நன்னீரோடு நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொளத்தூர் வண்ணமீன் தொழிலும் கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல் என்று நன்னீரில்தான் தழைத்தது. 1960களில் சிலிகான் பசை மீன்தொட்டிக்கு வந்து, இரும்பில்லாத முழுக்கண்ணாடித் தொட்டி பரவிய பிறகே உப்புநீருக்கு வீட்டில் இடம் கிடைத்தது. பழுது பார்ப்பவர் இதை மறக்கக் கூடாது. காய்ந்த பழைய சிலிகான்மேல் புதியது பிடிக்காது; மூலை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகான் ஆகாது. நன்னீர்க் காலத்தில் தாமிரம் கலந்த மீன்மருந்து ஊற்றிய தொட்டியானால், பழைய மணலையும் கல்லையும் கழித்துவிட வேண்டும். மீன் தாங்குகிற அளவு தாமிரமே பவளத்தையும் இறாலையும் கொன்றுவிடும்.

தொட்டி கடலைச் சாராமல் நிற்க வேண்டும் என்பதற்கு, ஜகார்த்தாவின் லீ சின் எங் 1961இல் எழுதிய முறையை மறுப்பாகச் சொல்லலாம். கடல்நீர், உயிருள்ள பாறை, காற்றுக்குமிழி, இவ்வளவுதான் அவருடைய தொட்டி. பாறையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களே கழிவைச் சுத்தம் செய்தன. இன்றைய பவளத்தொட்டிக்கு மூலமும் அதுதான். அந்தப் பெருமை ஆசியாவுக்கே உரியது. ஆனால் அவர் கையில் இருந்தது தூய கடல். கொசஸ்தலை கடலில் சேரும் எண்ணூரில், வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்களிலிருந்து கசிந்த சாம்பல் ஆற்றில் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. மீனவர்களின் வலையும் படகும் பாழாயின. அந்த நீரை மொண்டுவந்து பவளத்தை வளர்க்க முடியாது.

கடல்நீர் வேண்டாம், உப்பளத்து உப்பைக் கரைத்தால் போதாதா என்றொரு கேள்வியும் வரும். போதாது. பாத்தியில் நீர் வற்றும்போது சுண்ணச்சத்து ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் வடிக்கிற கசப்புநீரோடு போய்விடுகிறது. நடுவில் வாருவது சோற்றுக்கான உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் உண்டு. அவை இல்லாத நீரில் பவளத்தால் எலும்புக்கூடு கட்ட முடியாது. செயற்கைக் கடலுப்பு விலை கூடியதுதான். அதனால்தான் முதல் தொட்டி சின்னதாக இருக்கட்டும் என்கிறேன். ஆனால் தொட்டியின் கொள்ளளவு குறையக் குறைய உப்பின் அளவும் சூடும் சீக்கிரம் மாறும். சென்னைக் கோடையில் நாள்தோறும் ஆவியாகும் அளவுக்கு நன்னீர் விட்டு, அடர்த்தியை 1.025 அருகிலேயே நிறுத்த வேண்டும்.

பாறையிலும் உயிரிலும் கடலைத் தொடாமல் இருப்பது இன்னும் முக்கியம். மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போயின. 1986இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001இல் கல்பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தன. சட்டம் ஆசையைக் கெடுக்கிறது என்று வருந்துபவர்கள் அந்த இரண்டு தீவுகளை நினைக்க வேண்டும். மீனுக்கு மாற்று வழி நம்மிடமே பிறந்திருக்கிறது: மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்து காட்டின. தொட்டிக்குச் செயற்கைக் கல்லையே வாங்குங்கள். மீன் வாங்கும்போது, பொரிப்பகத்தில் பிறந்ததா, கடலில் பிடித்ததா என்று கடைக்காரரைக் கேளுங்கள்; பதில் தெளிவாக வராவிட்டால் வாங்காதீர்கள்.